அக்காவுக்கு முதல் கரண்டி

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் நான். சிரிக்க வேண்டாம். எனக்கு ஓய்வு கொடுத்தது முதுகு. வெண்கலச் சிலை ஒன்றை லாரியிலிருந்து இறக்கும்போது முதுகெலும்புத் தட்டு நழுவியது. "இனிமே குடைக்கு மேல எதையும் தூக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய கிடங்கு ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். அங்கே என் வேலையே தூக்குவதுதான். தூக்க முடியாதவளுக்கு அங்கே என்ன இருக்கிறது? இப்போது ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து, கணினி வழியாகப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன்.

போன வாரம், என் இடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேர் ஒரு படம் அனுப்பினார்கள். சுவரில் ஒட்டிய லேபல். கூடவே ஒரு குரல் செய்தி: "அக்கா, இப்ப போன்லயே மொழிபெயர்ப்பு வந்திருச்சு. ஒரே நிமிஷம், தமிழ், மலாய் ரெண்டும் ரெடி! நீங்கள்லாம் எப்படி அக்கா நாள் கணக்கா உக்காந்து எழுதுனீங்க?" லேபலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பெண்கள் நிற்கும் ஓவியம். "சகோதரிகள்" என்று இருந்தது. எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. "நல்லாருக்கு" என்று பதில் போட்டுவிட்டேன். பிறகுதான் மனசு கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்து எங்கள் மிஸ் என்ன பாடுபடுத்தினார் என்று இவர்களுக்குத் தெரியாதே! அதனால் இது.

கலைக்கூடத்தில் வேலை என்றால் கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு பழரசக் கோப்பையோடு நிற்பது என்று என் சொந்தக்காரர்கள் நினைத்திருந்தார்கள். பட்டம் வாங்கிய பிறகு மூன்று மாதம் சும்மா இருந்து பார்ப்போமே என்று போனேன். நுரைப்பஞ்சு வெட்டவும், முடிச்சுப் போடவும், சட்டம் கோணாமலிருக்க நீர்மட்டம் பார்க்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காத்திருக்கவும் கற்றுக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் மரப்பெட்டியை வந்த அன்றே திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் குளிரூட்டிய அறையில் அப்படியே கிடந்து அந்தக் குளிருக்குப் பழக வேண்டும். எனக்கோ கை பரபரக்கும். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருவேன்.

எங்கள் பொறுப்பாளர் மிஸ் ரூபவதி. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ரயில்வேயில் எழுத்தர். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் வீட்டுப் பேச்சு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. சத்தம் போட மாட்டார். தப்பு நடந்தால் பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். நாம் எதில் தப்புச் செய்தோம் என்று நாமே கண்டுபிடிக்கும்வரை நிற்பார். சில நாள் நான் செய்யாத தப்பையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய முதல் சட்டம், கை மாற்றுவது. ஒரு பொருளை ஒருவர் இன்னொருவரிடம் கொடுக்கும்போது, வாங்குகிறவர் "வாங்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை கொடுப்பவர் கையை எடுக்கக் கூடாது. ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் களிமண் ஜாடியைப் பிடித்துக்கொண்டு "ஓகே, ஓகே" என்றார். மிஸ் விடவே இல்லை. இரண்டு பேரும் ஜாடியைப் பிடித்தபடி நின்றார்கள்.

"ஓகே மிஸ், என்கிட்ட இருக்கு."

"ஓகே எண்டு எல்லாத்துக்கும் சொல்லலாம் தம்பி. வாங்கிட்டேன் எண்டு சொல்லுங்கோ, விடுறன்."

சொன்ன பிறகுதான் விட்டார். அன்றிலிருந்து சீனர், மலாய்க்காரர் என்று எல்லாரும் எங்கள் கூடத்தில் "வாங்கிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் கை மாறினாலும் அதே சொல்தான்.

இரண்டாவது சட்டம், செய்தவர் சம்மதம். ஒருவர் உப்புக்கட்டியில் படகு செய்து அனுப்பியிருந்தார். பினாங்குக் காற்றில் உப்பு சும்மா இருக்குமா? வேர்த்து வழிந்தது. நான் பதறிப்போய் முடி உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மிஸ் தடுத்து, முதலில் அவருக்குப் போன் போட்டார். "கரையட்டும், அதுக்குத்தான் செஞ்சேன்" என்றார் அவர். "அவர் சம்மதிச்சா அது வேலை, சம்மதிக்காட்டி சேதம்" என்று சொல்லிவிட்டு, மிஸ் படகுக்கு அடியில் ஒரு தட்டு வைத்தார்.

மூன்றாவது, லேபல். தமிழ் லேபலை எழுதி நின்றபடி சத்தமாக வாசிப்பார். நடுவில் மூச்சு வாங்கினால் வாக்கியத்தை வெட்டுவார். சந்தைக்குப் போகும் வழியில் நுழைகிற பெண்ணுக்கும் புரிய வேண்டும். 'சகோதரி' என்ற சொல்லுக்கு அங்கே தடை.

"மைக் பிடிச்சாத்தான் சகோதரி வருவா. வீட்டில அக்காவும் தங்கச்சியும்தான் இருப்பினம்."

இனி அந்தக் கண்காட்சி.

நைஜீரியாவிலிருந்து, யோருபா இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் கலைஞரின் படைப்புகள் வந்தன. அவர் பெயர் போலா. மலாயில் போலா என்றால் பந்து. பெட்டிகளை இறக்கிய லாரிக்காரர் "எத்தனை பந்து?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தார். கலைஞருக்கு விசா தாமதம். படைப்புகள் முன்னால் வந்துவிட்டன, அவர் திறப்பு விழா அன்று காலையில்தான் வந்து சேர முடியும். அதுவரை அவர் எழுதி அனுப்பிய குறிப்புத்தான் எங்களுக்கு வழிகாட்டி.

நடுக்கூடத்துக்கான படைப்பு இரண்டு உருவங்கள். ஒன்று மிகப் பழையது, ஒரு சாண் உயரம், மரம். யோருபா மக்களிடம் இரட்டைப் பிள்ளைகள் அதிகம். இரட்டையரில் ஒன்று தவறிவிட்டால் அதற்கு ஒரு மர உருவம் செதுக்கி, உயிரோடிருக்கும் பிள்ளையைப் போலவே குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி வளர்ப்பார்கள். இபேஜி என்று பெயர். போலாவின் அம்மா இரட்டையரில் ஒருத்தி. கூடப் பிறந்தவள் கைக்குழந்தையாகவே போய்விட்டாள். அவளுக்காகச் செய்த உருவம் இது. பெயர் கெஹிந்தே. மற்றது போலா புதிதாகச் செய்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கொட்டை ஓடுகளைக் கம்பியில் கோத்து, முழங்கால் உயரத்தில். அது அம்மா, பெயர் தைவோ. இறந்தவளையும் இருப்பவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

பெட்டி ஒரு நாள் பழகிய பிறகு திறந்தோம். மர உருவத்தின் முகத்தில் மூக்கு, வாய் எல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தன. மடிப்புகளில் ஏதோ மரத்தின் சிவப்புப் பொடி. "குங்குமம் மாதிரியே இருக்கு லா" என்றார் குணா அண்ணே. பைராம் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டி வருபவர், எங்கள் தச்சு வேலையெல்லாம் அவர் கையில். பொருள் எந்த நிலையில் வந்தது என்று குறிக்கும் அறிக்கையில் நான் 'முகத்தில் சேதம்' என்று தட்டினேன். மிஸ் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சேதமோ? வடிவாப் பார் பிள்ளை. கழுவிக் கழுவித் தேஞ்சிருக்கு. அப்படியே எழுது."

குறிப்பின் கடைசிப் பகுதிதான் எங்களைத் தூக்கிப் போட்டது. கண்காட்சி அறையில் வைத்த நாள் முதல் தினமும் காலையில், தட்டைப்பயறை அவித்து, சிவப்புச் செம்பனை எண்ணெய் ஊற்றி, இருவருக்கும் ஒவ்வொரு கரண்டி. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், தொட வேண்டாம். 'மூத்தவளுக்கு முதலில்.' எங்கள் கூடத்தில் தண்ணீர்ப் போத்தலே கொண்டுவரக் கூடாது! மிஸ் இரண்டு முறை படித்தார்.

"அவ கேட்டிருக்கிறா. எறும்பு என்ர பொறுப்பு" என்றார்.

மூத்தவள் யார்? குறிப்பில் தெளிவாகவே இருந்தது: தைவோ முதலில் வந்தவள், கெஹிந்தே பின்னால் வந்தவள். அப்புறம் என்ன சந்தேகம்? தைவோ அக்கா, கெஹிந்தே தங்கை. உயரத்திலும் தைவோதான் பெரியவள். மிஸ் சொல்ல, நான் எழுத, வினைல் ஒட்டுத்தாளில் எழுத்தெழுத்தாக வெட்டிச் சுவரில் ஒட்டினோம். மலாயிலும் காக்காக், ஆடிக் என்று போட்டோம். ஊட்டும் வேலை எனக்கு. முதல் கரண்டி தைவோவுக்கு, அடுத்தது கெஹிந்தேவுக்கு.

"எங்கம்மாகூட எனக்கு இப்படி நின்னு ஊட்டுனதில்ல" என்று குணா அண்ணே பின்னாலிருந்து கேலி செய்வார்.

எண்ணெய்தான் இடித்தது. 'சிவப்பு எண்ணெய் உங்கள் நாட்டில் எளிதாகக் கிடைக்கும்' என்று எழுதியிருந்தார் போலா. நாங்கள் ஏறி இறங்கிய கடையிலெல்லாம் வெளுத்த மஞ்சள் எண்ணெய்தான். நாலா பக்கமும் செம்பனைக் காடு, ஆனால் அதன் சொந்த நிறத்தில் ஒரு சொட்டு இல்லை. மஞ்சளையே ஊற்றினோம். மின்னஞ்சலில் கேட்டதற்கு, பயணத்திலிருந்த போலா 'வரும்வரை சமாளியுங்கள்' என்று ஒரு வரி அனுப்பினார்.

திறப்பு விழா அன்று காலை அவர் வந்தார். பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலையத்திலிருந்து நேரே நடுக்கூடத்துக்கு. நாற்பது வயதிருக்கும், தலையில் பெரிய துணிக்கட்டு. இரண்டு உருவங்களையும் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு சுவரைப் பார்த்தார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம், இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இந்த எழுத்து அழகா இருக்கே. எங்கம்மாவ உங்க மொழியில என்ன சொல்லியிருக்கீங்க? படிங்க."

பெருமையாகப் படித்தேன். "தைவோ அக்கா. கெஹிந்தே தங்கை."

"அக்கான்னா?"

"மூத்தவங்க."

அவர் கை பெட்டியின் பிடியிலிருந்து நழுவியது.

"எங்கம்மாவையா மூத்தவங்கன்னு போட்டிருக்கீங்க?"

"அவங்கதானே முதல்ல பிறந்தாங்க?"

"முதல்ல பிறந்தவதான் இளையவ!"

போலா தரையிலேயே உட்கார்ந்து விளக்கினார். வயிற்றுக்குள் இருக்கும்போது மூத்தவள் இளையவளிடம் சொல்வாளாம்: நீ முதலில் போய் உலகம் எப்படி இருக்கிறது என்று ருசி பார், நன்றாக இருந்தால் சத்தம் போடு, நான் வருகிறேன் என்று. இளையவள் வந்து அழுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகே மூத்தவள் வருவாள். தைவோ என்ற பெயருக்கே உலகத்தை ருசி பார்த்தவள் என்று அர்த்தம். ஆளை அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிற கெஹிந்தேதான் அக்கா.

"எங்க மொழியிலயும் உங்களை மாதிரிதான். வெறும் சகோதரின்னு சொல்ல முடியாது. மூத்தவங்கன்னா எக்பொன், இளையவங்கன்னா அபுரோ. ஆங்கிலத்துல எழுதும்போது எனக்கே விட்டுப்போச்சு. எங்க ஊர்ல இத யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல." பிறகு மெதுவாகக் கேட்டார். "சாப்பாடு யாருக்கு முதல்ல?"

சொன்னேன்.

அவர் அம்மா அந்த மர உருவத்தை அதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லையாம். மாமாக்கள் எல்லாரும் வேண்டாம் என்றிருக்கிறார்கள். மகள் கெஞ்சிய பிறகு, ஒரே ஒரு நிபந்தனையோடு அம்மா சம்மதித்தார்: அக்கா எங்கே போனாலும் அக்காவாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த விமானத்தில் வீட்டுக்கு. கெஹிந்தே போய்விட்டால் நடுக்கூடம் காலி. ஆசியாவில் போலாவின் முதல் கண்காட்சி, சாயந்தரம் திறப்பு. விழாவை வீடியோவில் பார்க்க அம்மா காத்திருந்தார்.

"சொல்லாம விட்டா என்ன?" என்றார் குணா அண்ணே. "லேபல மாத்திருவோம். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மாகிட்ட பொய் சொல்லிருவேன்" என்றார் போலா, மர உருவத்தைக் காட்டி. "பெரியம்மா இங்கயே நிக்கிறாங்களே."

நான் பயந்துபோய் ஒரு வழி சொன்னேன். "மிஸ், பேசாம ரெண்டு பேருக்கும் சகோதரின்னு போட்டுரலாம். வம்பே இல்ல."

மிஸ் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து நின்றார். இந்த முறை நான் கண்டுபிடிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

"சகோதரி எண்டு போட்டிருந்தா இண்டைக்கு இவவுக்குத் தெரிஞ்சிருக்குமோ? கண்காட்சி முடியும்வரை தங்கச்சிக்கே முதல்ல ஊட்டியிருப்பம். அக்கா எண்டு எழுதினது பிழையில்ல பிள்ளை. யார் அக்கா எண்டு நான் கேட்காம விட்டதுதான் பிழை."

ஏணியை அவரே இழுத்துப் போட்டார். முடி உலர்த்தும் கருவியால் வினைலைச் சூடாக்கி, நகத்தால் ஒவ்வோர் எழுத்தாக உரித்தார். உதவிக்குப் போன குணா அண்ணேயைப் பார்த்த பார்வையில் அவர் திரும்பி வந்துவிட்டார்.

நைஜீரியாவில் விடிய வேண்டும். மத்தியானம்வரை காத்திருந்தோம். நான் காத்திருக்கக் கற்றுக்கொண்டவள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அது செல்லுபடியாகவில்லை.

திரையில் முதலில் ஒரு நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன. போனை அவ்வளவு பக்கத்தில் பிடித்திருந்தார் அம்மா. போலா அவர்கள் மொழியில் சொல்லத் தொடங்கினார். எங்களுக்கு 'எக்பொன்' மட்டும் புரிந்தது. பிறகு அம்மாவிடமிருந்து கேள்விகள் வந்தன, போலா எங்களுக்குச் சொல்லிக்கொண்டே பதில் சொன்னார். எனக்கா முதலில் கொடுத்தார்கள்? ஆமாம். பிறகு அவளுக்கும் கொடுத்தார்களா? ஆமாம். என்ன எண்ணெய்?

போலா என்னைப் பார்த்தார். நான் போத்தலை எடுத்துத் திரைக்கு முன்னால் நீட்டினேன். கண் இன்னும் பக்கத்தில் வந்தது. திடீரென்று அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"இது எண்ணெயா தேத்தண்ணியான்னு கேக்குறாங்க" என்றார் போலா.

அப்புறம் அம்மா நிறுத்தாமல் பேசினார். போலா சொல்லச் சொல்ல அவர் குரல் மாறியது. "எழுபது வருஷமா அவளுக்காக நான்தான் ருசி பாக்குறேன். அந்த ஊருக்கும் என்னையே முன்னால அனுப்பியிருக்கா. நானும் ருசி பாத்துட்டேன். எண்ணெய் நல்லா இல்ல. நான் நல்லாருக்குன்னு சத்தம் போடலையே, அதனால அவ வாயே திறந்திருக்க மாட்டா. சாயந்தரத்துக்குள்ள சரியான எண்ணெய் வை. என் கண்ணுல காட்டு. அப்புறம் அவளுக்கு முதல் கரண்டி. முடியலன்னா, அவளை வீட்டுக்கு அனுப்பு."

போன் அணைந்தது. குணா அண்ணே ஏற்கெனவே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.

பாலம் தாண்டிப் போய், பைராமில் கூட்டாளியிடமிருந்து ஒரு பை நிறையச் செம்பனையின் உதிரிப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். போலா ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்தார்.

"இந்த மரம் எங்க பக்கத்துலருந்து வந்தது, தெரியுமா?"

"அப்படியா? தோட்டத்துக்குன்னு கூட்டிட்டு வந்தாங்களா?" குணா அண்ணே பழத்தை ஏதோ ஊர்க்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அப்ப நம்ம தாத்தா கேஸ்தான் லா இதுவும்."

அலுவலகச் சமையல்கட்டில், என் சோற்றுப் பானையில் பழத்தை அவித்தோம். போலா இடிக்க, குணா அண்ணே பிழிய, நான் மறுபடி கொதிக்கவைத்தேன். மேலே ஆரஞ்சும் சிவப்புமாக எண்ணெய் மிதந்தது. மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் குங்குமப்பூக் கரைத்ததுபோல இருந்தது. கட்டடமே மணத்தது. மிஸ் புதுச் சேலையில் வாசலில் நின்று பார்த்தார். சமையல்கட்டுச் சுவரெல்லாம் சிவப்புத் தெறிப்பு. ஓர் ஈரத்துணியை மட்டும் எடுத்து வந்து வைத்தார்.

சாயந்தரம் கூட்டம். சுவரில் புது எழுத்து: 'கெஹிந்தே அக்கா. தைவோ தங்கை.' கீழே ஒரு வரி, மிஸ் எழுதியது: 'தங்கைதான் முதலில் வந்தாள். அக்கா அனுப்பினாள்.' சேலைக்கடைப் பையோடு வந்த ஓர் அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "நல்ல அக்காதான்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

போலா போனைத் தூக்கிப் பிடித்தார். நான் கிண்ணத்தைக் காட்டினேன். அந்தக் கண் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு அந்த வயதான பெண்மணி, பிறந்த பிள்ளையைப் போல வாய்விட்டு ஒரு சத்தம் போட்டார். கூடம் முழுதும் திரும்பிப் பார்த்தது.

கரண்டியைக் கெஹிந்தேயின் தேய்ந்த வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தொடவில்லை. முந்தைய காலைகளில் நானாகவே கையை எடுத்துவிடுவேன். அன்று எப்போது எடுப்பது என்று தெரியவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். போனிலிருந்து சின்னதாக ஒரு சொல் வந்தது. போலா அதை எனக்குச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து மிஸ் சொல்லிவிட்டார்.

"வாங்கிட்டாவாம். இப்ப கையை எடு பிள்ளை."